கொக்கி ஊசியும் கடற்கன்னியும்

பொம்மை செய்வது குழந்தை விளையாட்டு என்று எண்ணுவோர் பலர். பொம்மையை வைத்து விளையாடுவதுதான் குழந்தைகளின் வேலை. அதைச் செய்வது பெரியவர்களின் வேலை. அதிலும் ஒரே ஒரு கொக்கி ஊசியும் சில உருண்டை நூலும் கொண்டு, இடைக்கு மேல் பெண்ணாகவும் இடைக்குக் கீழ் மீனாகவும் விளங்கும் கடற்கன்னியைப் பின்னி, பஞ்சடைத்து, முகம் வரைந்து முடிப்பதென்றால் அதற்குக் கணக்கு வேண்டும், பொறுமை வேண்டும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

தில்லி போன்ற வடபுலத்து நகரங்களில் குளிர்காலம் வந்துவிட்டால், நண்பகல் வெயிலில் அமர்ந்து கம்பளி பின்னும் தாய்மார்களை நாம் காண்கிறோம். அவர்கள் கையில் இருப்பவை இரண்டு நீண்ட ஊசிகள். நாம் கூறும் வேலைக்கு ஊசி ஒன்றே. அதன் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். குரோஷா என்று நம் வீடுகளில் வழங்கும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. சிறு கொக்கி என்பதே அதன் பொருள். கருவியின் பெயரே கலையின் பெயராகிவிட்டது. ஐரோப்பாவில் இதற்கான செய்முறைக் குறிப்புகள் 1823-ஆம் ஆண்டு டச்சு நாட்டுப் பத்திரிகையொன்றில் அச்சேறின. அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தின்போது, உருளைக்கிழங்கு அழுகி உணவற்றுப்போன பல குடும்பங்களுக்கு இக்கொக்கி ஊசியே கஞ்சி வார்த்தது. நம் நாட்டில் ஆந்திர மாநிலத்துக் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாபுரம் இப்பின்னலுக்குப் பேர்போன ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பாதிரிமார் குடும்பங்கள் வழியாக அங்கே வேரூன்றிய இக்கலை, 2024-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

பின்னிப் பஞ்சடைத்த பொம்மைகளை இன்று உலகெங்கும் பரப்பியவர்கள் ஜப்பானியர். 'அமிகுருமி' என்பது அவர்கள் இட்ட பெயர். பின்னுதலைக் குறிக்கும் ஒரு சொல்லும், துணியில் தைத்து அடைத்த பொம்மையைக் குறிக்கும் ஒரு சொல்லும் சேர்ந்து பிறந்தது அது.

இனி, கடற்கன்னி யார்? டென்மார்க்கின் ஆண்டர்சன் 1837-இல் வெளியிட்ட கதையால் அவள் உலகக் குழந்தைகளின் தோழியானாள். 1913-இல் கோப்பன்ஹேகன் துறைமுகத்துப் பாறைமீது அவளுக்கு வெண்கலச் சிலையும் எழுந்தது. ஆயினும் அவள் மேல்நாட்டாருக்கே உரியவள் அல்லள். தாய்லாந்து நாட்டு இராமகாதையில் சுவர்ணமச்சா என்றொரு கடற்கன்னி வருகிறாள். இராவணனின் மகள் அவள். அனுமன் கடலில் அடுக்கும் சேதுவின் கற்களைத் தன் மீன் படையைக் கொண்டு அகற்றத் தலைப்படுகிறாள். முடிவில் அனுமனிடமே மனத்தைப் பறிகொடுக்கிறாள். வால்மீகியும் கம்பனும் சொல்லாத கதை இது. ஆனால் அக்கதை நிகழ்வதாகச் சொல்லப்படும் கடல் நமக்கு அயல் அன்று.

அந்தக் கடலிலேயே இன்னொரு வியப்பும் உண்டு. 1493-ஆம் ஆண்டு சனவரியில் கொலம்பஸ் மூன்று கடற்கன்னியரைக் கண்டதாகவும், சித்திரங்களில் உள்ள அழகு அவர்களிடம் இல்லை என்றும் அவருடைய பயணக் குறிப்பு கூறுகிறது. அவர் கண்டவை கடற்பசு இனத்து விலங்குகளே என்பது அறிஞர் துணிபு. அவ்வினத்தின் உறவான ஆவுளியா, நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேய்ந்து வாழ்கிறது. மீனைப்போல் முட்டையிடாமல், குட்டி ஈன்று பாலூட்டி வளர்க்கிறது. அதனைக் காக்கும்பொருட்டுத் தமிழ்நாடு அரசு 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தது. எனவே கடற்கன்னிப் பொம்மையைக் குழந்தையின் கையில் கொடுக்கும்போது அதனுடன் சொல்லத்தக்க உண்மைக் கதை ஒன்றும் நம்மிடம் இருக்கிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். நடுத்தரக் கனமுள்ள பருத்தி நூல் மூன்று நிறங்களில் வேண்டும்: உடலுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று, கூந்தலுக்கு ஒன்று. நூலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஊசியைவிடச் சற்று மெல்லிய ஊசியையே கொள்ளவேண்டும். இரண்டரை மில்லிமீட்டர் ஊசி பொருத்தமானது. காரணம், கண்ணிகள் நெருங்கி அமைந்தால்தான் உள்ளிருக்கும் பஞ்சு வெளியே தலைகாட்டாது.

விரலில் நூலை வளையமாகச் சுற்றி அதனுள் ஆறு கண்ணிகள் பின்னி, வளையத்தை இழுத்து இறுக்கினால் நடுவில் துளையின்றி மூடிக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்னினால் 12. பின்னர் சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் 18, 24, 30, 36. ஏன் ஆறு என்று கேட்கலாம். வட்டத்தின் ஆரம் ஓர் அளவு வளர்ந்தால் அதன் சுற்றளவு ஆறேகால் அளவுக்குச் சற்று மேல் வளரும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. நம் கண்ணியோ உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒத்தது. ஆகவே சுற்றுக்கு ஆறு கூடினால் பின்னல் தட்டையாக விரியும், கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணம்போல் எழும்பும், குறைத்தால் குவியும். பொம்மையின் உருவமனைத்தும் இம்மூன்று நிலைகளில் அடங்கியுள்ளது.

36 கண்ணிகளுடன் எட்டுச் சுற்றுகள் கூட்டாமல் குறைக்காமல் பின்னி, பிறகு 30, 24, 18, 12 என்று இறங்கினால் தலை முடிந்தது. 12 கண்ணிகளில் இரண்டு சுற்று கழுத்து. அப்போதே தலையில் பஞ்சடைத்துவிட வேண்டும். தோளுக்கு 18, 24 என ஏறி, 24-இலேயே எட்டுச் சுற்றுகள் பின்னினால் இடை வந்துவிடும். அங்கே நிறம் மாறுகிறது. 30-க்கு ஏறி, மூன்று சுற்றுகள் அப்படியே பின்னவேண்டும். பின்னர் ஒரு சுற்றில் மூன்று கண்ணி குறைப்பதும், அடுத்த சுற்றை அப்படியே பின்னுவதுமாக 27, 24, 21 என்று 9 வரை இறங்கினால் வால் அழகாகக் கூர்ந்து முடியும். இறங்க இறங்கப் பஞ்சையும் சிறிது சிறிதாக அடைத்துவர வேண்டும். தலை முதல் வால் வரை மொத்தம் 48 சுற்றுகள்; உயரம் ஏறத்தாழ ஒரு சாண். வால்நுனித் துடுப்புகள் இரண்டும், கைகள் இரண்டும் தனித்தனியே பின்னித் தைக்கவேண்டியவை. துடுப்புக்கு 6, 9, 12, 15, 15, 12, 9 என்று ஏழு சுற்றுகள். பஞ்சு வேண்டா, தட்டையாக அமர்த்தினால் போதும். கைக்கு ஆறே கண்ணிகளில் 14 சுற்றுகள்.

நிறம் மாறும் இடத்தைப் பற்றி ஒரு சொல். பழைய நிறத்தில் கடைசிக் கண்ணியை முழுதும் முடித்துவிட்டுப் புதிய நூலைத் தொடங்கினால், இடையில் ஒரு படி விழுந்து ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். பழைய நூலில் பாதிக் கண்ணியைப் பின்னி, அதன் கடைசி இழுப்பைப் புதிய நூலால் இழுக்கவேண்டும். இரண்டும் ஒரே கண்ணியில் கைகோத்துக்கொண்டால் பெண் எங்கே முடிந்தாள், மீன் எங்கே தொடங்கிற்று என்று கண் தேடாது. ஒரு மாநிலத்தில் பிறந்து மற்றொரு மாநிலத்தில் பிழைக்கும் நமக்கும் இது ஓரளவு பொருந்தும். பழையதை அறவே முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கியவர் வாழ்வில் படி தெரிகிறது.

அடைப்பதற்கு இலவம் பஞ்சு மென்மையானது. ஆனால் துவைத்தால் கட்டிபடும். பொம்மையை வாயில் வைப்பதும் மண்ணில் புரட்டுவதும் குழந்தையின் உரிமையாதலால், துவைத்தாலும் விரைந்து உலரும் செயற்கை இழைப்பஞ்சே ஏற்றது. கண்களுக்கு மணியோ பொத்தானோ வைப்பதைவிடக் கறுப்பு நூலால் தைத்துவிடுவதே நன்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை சிறு பொருளைப் பிய்த்து விழுங்கினால் மூச்சே அடைபடக்கூடும். கூந்தல் இழைகளையும் ஒவ்வொன்றாக முடிச்சிட்டு இழுத்துப் பார்க்கவேண்டும்.

மொழிபெயர்ப்பே நமக்குத் தொழிலாதலால், இக்கலையின் மொழியையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. அமெரிக்கர் 'சிங்கிள்' என்னும் பின்னலை ஆங்கிலேயர் 'டபிள்' என்பர். அமெரிக்கரின் 'டபிள்' ஆங்கிலேயருக்கு 'டிரெபிள்'. ஒரே மொழி, ஒரே சொல், வேறு வேறு பொருள். எந்நாட்டுக் குறிப்பென்று பாராமல் பின்னத் தொடங்கினால் கடற்கன்னி ஒட்டகச்சிவிங்கியாகிவிடுவாள். கண்ணிகளின் இடைவெளியில் பஞ்சும் எட்டிப்பார்க்கும். தமிழில் இக்கலைக்கு இன்னும் முடிந்த முடிபான சொற்கள் அமையவில்லை. கண்ணி, சங்கிலி, சுற்று, கூட்டல், குறைத்தல் என்று நம் வீட்டுச் சொற்களாலேயே செய்முறை முழுவதையும் சொல்லிவிடலாம் என்பதை இவ்வுரையே காட்டும். ஆகவே தாய்மார்கள் கண்ணிகளை வாய்விட்டுத் தமிழில் எண்ணுவார்களாக. பள்ளியில் வேறு மொழியில் எண்ணிப் பழகிய குழந்தை, அம்மாவின் அருகில் அமர்ந்து இருபத்தேழு, இருபத்தெட்டு என்று தானும் சேர்ந்து எண்ணும். அடுத்த சுற்றில் எத்தனை என்று கேட்டால் விடையும் சொல்லும். தமிழ்ப் பாடமென்று பெயரிட்டு உட்காரவைத்தால் ஓடிவிடும் குழந்தை, பொம்மை பிறக்கும் இடத்தைவிட்டு நகராது.

எண்ணுவதில் இன்னொன்றும் உண்டு. நாம் கூறிய கடற்கன்னிக்கு உடல், வால், கைகள், துடுப்புகள் எல்லாம் சேர்த்து 1,452 கண்ணிகள் ஆகின்றன. ஒவ்வொன்றும் கையால் இட்டதே. ஸ்வெட்டரை நெய்யும் இயந்திரங்கள் ஆலைகளில் உள்ளன. ஆனால் கடையில் நாம் காணும் குரோஷாப் பொம்மை எங்கே விற்றாலும், எத்தனை மலிவாக விற்றாலும், யாரோ ஒருவர் கையால் பின்னியதே. இதை நினைவில் வைத்து ஒரு கணக்குப் போடுவோம். கைதேர்ந்தவர் ஒரு பொம்மையைத் தைத்து முடிக்க 8 மணி நேரம் ஆகிறது என்றும், அதனை ஒருவர் 300 ரூபாய்க்குக் கேட்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். நூலுக்கும் பஞ்சுக்கும் 100 ரூபாய் போனால் மிச்சம் 200. மணிக்கு 25 ரூபாய். இதை நல்ல விலை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆயினும் அவ்விலைக்குக் கொடுப்பவர் உளர். ஏன்? "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்தது" என்று வாங்குபவரும் சொல்கிறார், செய்தவரும் சொல்லிக்கொள்கிறார். ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் 1982-இல் வெளிவந்த தம் நூலில் நரசாபுரத்துப் பின்னல் பெண்களைப் பற்றி எடுத்துக்காட்டியது இதையே. அவர்கள் உலகச் சந்தைக்குப் பின்னினார்கள். ஆனால் உழைப்பாளிகள் என்று எண்ணப்படாமல், ஓய்வு நேரத்தைப் போக்கும் இல்லத்தரசிகள் என்றே எண்ணப்பட்டார்கள். அந்த ஒரு சொல்லின் நிழலில் கூலி சுருங்கியது; இலாபமோ வணிகர் கைக்குப் போயிற்று. ஒரு தவறான பெயர், ஒரு தவறான மொழிபெயர்ப்பைப்போல, பொருளையே மாற்றிவிடும்.

கணவரின் ஊர்மாற்றத்தோடு ஊர்விட்டு ஊர் வந்து, படித்த படிப்புக்கு வேலை கிட்டாமல், கைவேலையால் நாலு காசு ஈட்டும் சகோதரிகள் நம் நேயர்களில் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியது இரண்டு. முதலாவது, பொம்மை ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கூலியை நேரத்தைக்கொண்டு கணக்கிட்டு, அதன்மேல் பொருள் விலையைச் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது, 2021 சனவரி முதல் விளையாட்டுப் பொம்மைகளை விற்க இந்தியத் தரச் சான்று வேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. எனவே விற்க முற்படுமுன் அப்பதிவைப் பற்றி விசாரித்துக்கொள்வது நலம். அரசின் ஏட்டில் கைவினைஞர் என்று பெயர் ஏறுவதே, "சும்மா இருக்கும் நேரம்" என்ற பேச்சுக்கு நல்ல மறுமொழி.

விற்காமல் வீட்டுக்கென்றே பின்னுவோரும் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். தாயோ பாட்டியோ பின்னிக்கொடுத்த கடற்கன்னியைக் குழந்தை மூலையில் எறிந்தால் அதைக் கடிந்துகொள்ள வேண்டா. அதன் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு. அத்தனை முறை அம்மாவின் கை உனக்காக வளைந்து நிமிர்ந்தது என்று சொன்னால், எண்ணத் தெரிந்த குழந்தை பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும்.