கொட்டகையும் ஊர்ச்சொத்தே

(சிற்றூர்த் திரையரங்குகளையும் ஊர் அடையாளங்களையும் காப்பது குறித்து அருள்புரத்தில் நடந்த கருத்தரங்கின் தலைமை உரை)



இந்தக் கருத்தரங்கைப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் நடத்தியிருக்கலாம். அமைப்பாளர்கள் திருப்பூர்–பல்லடம் சாலையில், பனியன் கம்பெனிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் நடுவே நம்மைக் கூட்டியிருக்கிறார்கள். யாருடைய பொழுதும் உழைப்பும் இந்தப் பகுதியின் கொட்டகைகளை நிரப்பினவோ, அவர்களுடைய ஊரிலேயே அவற்றைப் பற்றிப் பேசுவது பொருத்தம். தலைமைப் பொறுப்பை எனக்குத் தந்ததற்கு நன்றி கூறி, நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிற்றூர்த் திரையரங்கின் பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கலாம். அதில் சேர்ந்திருக்கும் வாழ்க்கை ஊருக்குப் பொது. ஆகவே அதைக் காக்கும் சுமையை உரிமையாளர் ஒருவர் தலையில் ஏற்றுவது நியாயமும் இல்லை, நடக்கக்கூடியதும் இல்லை. ஊர் அந்தச் சுமையில் பங்கு கொள்ள வேண்டும்.

இந்த வரலாறு நமக்கு மிக அருகில், கோயம்புத்தூரில் தொடங்குகிறது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் தூப்பாண் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ப்ரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914இல் கோவையில் 'வெரைட்டி ஹால்' என்ற நிலையான அரங்கை எழுப்பினார். தென்னிந்தியத் திரையரங்கு வரலாற்றின் முதல் பக்கங்களில் இடம்பெறும் கட்டடம் அது. மின்சாரத்தால் இயங்கும் அச்சகத்தையும் அவர் நடத்தினார். 1933இல் 'வள்ளி திருமணம்' படத்தின் தயாரிப்பிலும் பங்கு கொண்டார். அரங்கு பின்னாளில் 'டிலைட்' என்று பெயர் மாறி, பல தலைமுறைகளுக்குப் படம் காட்டியது.

நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி ஒரு கட்டடம் பழஞ்சின்னமாகக் கருதப்பட நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வெரைட்டி ஹால் 2014இல் அந்த நூறையும் தொட்டது. அதற்குப் பின்னும் காப்பார் இல்லாமல் இடிக்கப்பட்டது. இன்று கோவையில் வெரைட்டி ஹால் ரோடு இருக்கிறது, அந்தப் பெயரில் காவல் நிலையம் இருக்கிறது; ஹால் இல்லை. சட்டத்தில் ஆண்டுக் கணக்கு மட்டும் இருந்தால் போதாது, அந்தக் கட்டடத்துக்காகக் குரல் கொடுக்கும் ஊரும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை. நம் மாவட்டத்திலேயே சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீஸ்வரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. அது நமக்குப் பெருமை. ஆனால் அறுபது, எழுபது வயதுடைய கொட்டகைகள் அந்த நூறாண்டு எல்லையை எட்டும் முன்பே ஒவ்வொன்றாக மறைந்துவிடும்.

கோயிலோடு கொட்டகையை ஒரே மூச்சில் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை ஆராய்ந்தபோது இதற்கான விடையைத் தந்தார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் திரையரங்கு என்பது அவர் கருத்து. அங்கே இருக்கையை முடிவு செய்தது பிறப்பு அல்ல, கையிலிருந்த காசு. தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்ற பிரிவுகளில் ஏற்றத்தாழ்வு இருந்தது உண்மைதான். ஆனால் காசு கொடுத்தவனை எழுப்பிவிட யாருக்கும் உரிமை இல்லை. பெண்களுக்குத் தனிக் கவுண்டரும் தனிப் பகுதியும் இருந்தன. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சந்தைக்கும் தவிர வெளியே போகாத பெண்கள், தங்கள் விருப்பத்துக்காக மட்டும் போன முதல் பொது இடமாகப் பல ஊர்களில் கொட்டகைதான் இருந்தது.

திருப்பூர்ப் பகுதிக்கு இதில் தனிப் பங்கு உண்டு. இது வாரச் சம்பள ஊர். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள் சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைத் தங்களுக்காக எடுத்துக்கொள்வார்கள். தேனியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் வந்து, லைன் வீட்டில் ஓர் அறைக்கு நாலு பேராகத் தங்கியவர்களுக்கு, காலை நீட்டி மூன்று மணி நேரம் நிம்மதியாக உட்காரக் கிடைத்த இடம் தியேட்டர். இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களும் அதே இடத்தைத் தேடுகிறார்கள். தொழிலாளர் வரலாறு எழுதுகிறவர்கள் ஆலையையும் சங்கத்தையும் எழுதுகிறார்கள். ஓய்வு நேரத்தையும் எழுத வேண்டும். அந்தப் பக்கத்துக்கான சான்று இந்தக் கட்டடங்களில்தான் கிடக்கிறது.

இந்தக் கொட்டகைகள் ஏன் மூடப்பட்டன என்பது நமக்குத் தெரியும். எண்பதுகளில் வீடியோ டெக், தொண்ணூறுகளில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி, பிறகு ரீலிலிருந்து டிஜிட்டலுக்கு மாறும் செலவு, 2017இல் ஜி.எஸ்.டி.யோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரி, 2020இல் பெருந்தொற்று. இவை எல்லாவற்றையும் விட வலுவான காரணம் மனைவிலை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏக்கர் நிலத்தில் நிற்கும் கட்டடம் நாளுக்கு நாலு காட்சி ஓட்டி ஈட்டுவதை, ஒரு ஜவுளிக்கடையோ கல்யாண மண்டபமோ எளிதில் ஈட்டிவிடும். மதுரை தங்கம் தியேட்டர் 1952இல் 'பராசக்தி'யோடு திறந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகளோடு ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கியது. அதுவே தப்பவில்லை என்றால், ஒரு வட்டத் தலைநகரின் அறுநூறு இருக்கைக் கொட்டகை எப்படித் தப்பும்? விற்றவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. வட்டியும் வரியும் கட்டி நொந்தவர் அவர். அவர் கைமாற்றும் முன் வேறு ஒரு வழியை ஊர் அவர்முன் வைத்ததா என்பதே என் கேள்வி.

காப்பது என்ற பெயரில் நாம் செய்கிற ஒரு தவறையும் சொல்ல வேண்டும். சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த ஸ்டுடியோ. 'மந்திரி குமாரி'யும், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படமும் அங்கே பிறந்தவை. ஏற்காடு சாலையில் இன்று மிஞ்சியிருப்பது அதன் நுழைவு வளைவு மட்டும். அந்த வளைவாவது நிற்கிறதே என்று நாம் ஆறுதல் அடைகிறோம். வளைவை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த கேமராக்கள், அரங்கப் படங்கள், கணக்கேடுகள், வேலை செய்தவர்களின் நினைவு ஆகியவற்றைச் சிதற விடுவது பாதுகாப்பு ஆகாது.

ஆகவே முதல் பணி பதிவு. இதற்கும் நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. 1965இல் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர், அண்ணன்மார் கதை என்ற நாட்டார் காவியத்தை உடுக்கடிப் பாடகர் பாடப் பாட ஒலிநாடாவில் முழுமையாகப் பதிவு செய்தார். அவர் அன்று அதைச் செய்யாமல் இருந்திருந்தால் அந்தக் குரல் இன்று நமக்கு இல்லை. அதே அக்கறையோடு நம் மாணவர்கள் ஆபரேட்டர்களிடம் போக வேண்டும். கார்பன் குச்சியை எரித்துப் படம் ஓட்டிய கடைசித் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. ஒரே படப்பெட்டியை இரண்டு ஊர்க் கொட்டகைகள் பகிர்ந்துகொண்டு, ரீல் முடிய முடிய சைக்கிளில் கொண்டுபோன கதையை அவர்கள்தான் சொல்ல முடியும். டிக்கெட் கிழித்தவர், தட்டி எழுதியவர், இடைவேளை முறுக்கு விற்றவர் எல்லோரும் சாட்சிகள். எழுத்துச் சான்றுகளும் குறைவில்லை: சி ஃபார்ம் எனப்படும் திரையரங்கு உரிமக் கோப்புகள், டி.சி.ஆர். எனப்படும் தினசரி வசூல் அறிக்கைகள், கேளிக்கை வரிப் பதிவேடுகள், கட்டட வரைபடங்கள். இவை பழைய பேப்பர் கடைக்குப் போகும் முன் நாம் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது பணி பணம். தனியொரு சாயப்பட்டறையால் செய்ய முடியாததைப் பல பட்டறைகள் சேர்ந்து செய்ய முடியும் என்று காட்டிய பகுதி இது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்து, கழிவுநீரை வெளியே விடாத நிலைக்குத் தொழில் வந்தது. அப்படி ஒரு பொது நிலையம் அருள்புரத்தின் பெயரிலேயே இயங்குகிறது. பொதுவில் பங்கு போட்டு, பொதுவில் நடத்தும் அந்த அறிவைப் பண்பாட்டுக்கும் பயன்படுத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், சமூகப் பொறுப்பு நிதியை எதற்குச் செலவிடலாம் என்று ஏழாம் அட்டவணையில் சொல்கிறது. வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களை மீட்டெடுப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. மும்பை ராயல் ஓபரா ஹவுஸ் 2016இல் மறுபடி திறந்ததற்குப் பின்னால் ஓர் அரச குடும்பம் இருந்தது. நமக்கு ஏற்ற வழி அதைவிட எளியது. வடக்கு லண்டனில் ஈஸ்ட் ஃபிஞ்ச்லி பகுதியின் பீனிக்ஸ் திரையரங்கை 1985 முதல் ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. ஊருக்கு ஓர் அரங்கு, அரங்குக்கு ஓர் அறக்கட்டளை, அதில் உரிமையாளருக்கும் தொழில் அமைப்புகளுக்கும் உள்ளாட்சிக்கும் தொழிலாளர்க்கும் இடம் என்ற திட்டத்தை இந்தக் கருத்தரங்கு வரைந்து தர வேண்டும்.

மூன்றாவது பணி பயன்பாடு. பூட்டி வைத்த கட்டடம் கரையானுக்குத்தான் இரை. மாலையில் படம், பகலில் பள்ளிக்கும் பயிற்சிக்கும் கூடம், ஞாயிறன்று புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் மொழியில் ஒரு காட்சி, வருடத்துக்கு ஒரு நாடக வாரம் என்று அரங்கு உயிரோடு இருக்க வேண்டும். நாடகத்தைச் சொல்லக் காரணம் உண்டு. 1944இல் டி.கே.எஸ். சகோதரர்கள் ஈரோட்டில் நாடகக் கலை மாநாட்டைக் கூட்டினார்கள். மேடைக்கலையின் எதிர்காலத்தைக் கூடிப் பேசிய மரபு கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. பயன்பாடு என்றால் பாதுகாப்பும் சேர்ந்ததுதான். 1979இல் தூத்துக்குடி லட்சுமி டாக்கீஸ் தீவிபத்தில் மடிந்தவர்களை மறந்துவிட்டுப் பழமையைப் போற்ற முடியாது. வாசல், மின்கம்பி, தீயணைப்பு இவற்றில் விட்டுக்கொடுக்காமல் பழைய முகப்பைக் காக்கும் தொழில்நுட்பம் இன்று இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் இதை ஆய்வுத் தலைப்பாக எடுக்க வேண்டும்.

தியேட்டருக்குச் சொன்னது மற்ற ஊர் அடையாளங்களுக்கும் பொருந்தும். 1932இல் கொடியை விடாமல் உயிர்விட்ட குமரனுக்குத் திருப்பூரில் நினைவகம் இருக்கிறது. பாடலாசிரியர் உடுமலை நாராயண கவிக்கு உடுமலைப்பேட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. பெரியவர்களுக்குச் செய்த மரியாதை இது. பெயர் தெரியாத பல்லாயிரம் பேர் உழைத்த முதல் காலத்துப் பின்னலாடைக் கூடங்கள், கதர்க் கிடங்குகள், வாரச் சந்தைகள் ஆகியவற்றுக்கும் அந்த மரியாதை சேர வேண்டும்.

தமிழ்நாடு மரபுரிமை ஆணையத்துக்கான சட்டம் 2012இலேயே நிறைவேறியது. ஆணையத்தின் முன் வைக்க நம்மிடம் பட்டியல் வேண்டும். எனவே இந்த அமர்வுகளில் கட்டுரை வாசிப்போரிடம் நான் கேட்பது இதுதான்: ஒவ்வொருவரும் உங்கள் வட்டத்தில் ஓர் அரங்கைத் தேர்ந்தெடுங்கள், அதன் வரைபடம், உரிமக் கோப்பு, அங்கே வேலை செய்தவர்களின் வாக்குமூலம் மூன்றையும் சேருங்கள், உரிமையாளரைச் சந்தித்து அவர் தேவை என்ன என்று கேட்டு எழுதுங்கள். நாளை நிறைவு அமர்வில் பாராட்டுத் தீர்மானங்களை விட, அந்தப் பட்டியலின் முதல் வரைவு மேசைமேல் இருப்பதையே நான் எதிர்பார்க்கிறேன். அதை மாவட்ட நிர்வாகத்திடமும் தொழில் அமைப்புகளிடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க உங்களோடு நானும் வருகிறேன்.

இந்த நோக்கத்தோடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.