நிலத்தடியில் தொடரும் போபால்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



போபால் என்றதும் 1984 டிசம்பர் 2-3 நள்ளிரவே அனைவரின் நினைவுக்கும் வருகிறது. யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து கசிந்த மீதைல் ஐசோசயனேட் வாயு ஆயிரக்கணக்கான உழைக்கும் மக்களைக் கொன்றது. அக்கொடுமையை உலகம் அறியும். அதே ஆலை அதே மக்களுக்கு இழைத்த இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த இரவுக்கு முன்னரே தொடங்கிய அது இன்றுவரை முடியவில்லை. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய நஞ்சே அது.

1969இல் ஆலை இயங்கத் தொடங்கியது முதல் கழிவுகள் வளாகத்துக்குள்ளேயே கொட்டப்பட்டும் புதைக்கப்பட்டும் வந்தன. 1977இல் ஆலைக்கு வடக்கே ஆவியாக்கும் குளங்கள் அமைக்கப்பட்டன. கழிவுநீர் வெயிலில் வற்றிவிடும், அடியில் இட்ட பிளாஸ்டிக் விரிப்பு கசிவைத் தடுக்கும் என்பது ஏற்பாடு. 1982இலேயே அக்குளங்கள் கசிவது குறித்து நிறுவனத்துக்குள் தகவல் பரிமாறப்பட்டதை, பிற்காலத்தில் அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. நிர்வாகம் அறிந்திருந்த இந்த உண்மை, சுற்றுப்புறத்து அடிகுழாய்களில் நீர் எடுத்த மக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

எதைத் தேடுவது, எங்கே தேடுவது?

காற்றில் கலந்த நஞ்சு ஓரிரவில் தன்னைக் காட்டிவிட்டது. மண்ணில் இறங்கிய நஞ்சு மழைதோறும் சிறிது கீழிறங்கி, நிலத்தடி நீரோட்டத்தின் திசையில் ஆண்டுக்கணக்கில் நகர்கிறது. குளோரின் கலந்த கரைப்பான்கள் பல நீரைவிடக் கனமானவை. அவை நீர்த்தாங்கும் பாறையடுக்குவரை இறங்கித் தங்கி, அங்கிருந்து சிறுகச் சிறுகக் கரைந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு கிணற்றில் ஒருமுறை நீர் எடுத்துக் 'குறையில்லை' என்று சான்றளிப்பது கண்காணிப்பு ஆகாது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், பல ஆழங்களில், நீரோட்டத்தின் மேற்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் மாதிரிகள் எடுக்கப்பட வேண்டும்.

எதைத் தேடுவது என்பதும் முக்கியமானது. வழக்கமான நீர்ச் சோதனை உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு முதலியவற்றையே அளக்கிறது. போபாலில் தேட வேண்டியவை குளோரோபென்சீன்கள், கார்பன் டெட்ராகுளோரைடு, பூச்சிக்கொல்லி எச்சங்கள், பாதரசம் ஆகியவை. தேடப்படாத நஞ்சு அறிக்கையில் இடம்பெறாது. அறிக்கையில் இடம்பெறாத நஞ்சுக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

மக்கள் நெருக்கமாக வாழும் பகுதியில் இச்சிக்கல் மேலும் கடுமையாகிறது. அடல் அயூப் நகர், அன்னு நகர், ஆரிஃப் நகர் போன்ற குடியிருப்புகளில் வாழ்வோர் பெரும்பாலும் தினக்கூலித் தொழிலாளர்கள். குழாய்நீர் தடைபடும் நாளில் அவர்களுக்கு ஆழ்துளைக் கிணறே கதி. நெருங்கி அமைந்த ஒவ்வொரு கிணறும் நீரைத் தன்பக்கம் இழுக்கிறது. அந்நீரோடு நஞ்சும் சேர்ந்தே வருகிறது.

1999இல் கிரீன்பீஸ் அமைப்பின் ஆய்வு மண்ணிலும் நீரிலும் பாதரசத்தையும் குளோரின் சேர்மங்களையும் கண்டறிந்தது. மக்கள் போராட்டத்தின் விளைவாக, தூய குடிநீர் வழங்குமாறு 2004இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2009இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் ஆய்வு, ஆலையிலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நீரிலும் நச்சு இருப்பதைக் காட்டியது. 2018 அளவில், லக்னோவிலுள்ள இந்திய நச்சியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வின்படி பாதிக்கப்பட்ட குடியிருப்புகளின் எண்ணிக்கை 42 ஆகியிருந்தது. ஆய்வு விரிந்தபோதெல்லாம் பட்டியலும் விரிந்திருக்கிறது. 42 என்பது இறுதிக் கணக்கு என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை.

337 டன்னும் 11 லட்சம் டன்னும்

2025 ஜனவரி 1 இரவு, ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு 12 கன்டெய்னர்களில் ஏற்றப்பட்டு, சுமார் 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பீதம்பூர் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். எனினும் ஜூன் இறுதிக்குள் கழிவு எரித்து முடிக்கப்பட்டது. போபாலின் களங்கம் துடைக்கப்பட்டதாக விளம்பரம் செய்யப்பட்டது.

எரிக்கப்பட்டவை மூட்டைகளிலும் டிரம்களிலும் கட்டி வைத்திருந்த கழிவுகள் மட்டுமே. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் 2010இல் அளித்த மதிப்பீட்டின்படி, மாசடைந்த மண் 11 லட்சம் டன். எரிக்கப்பட்டது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சட்டம் யார் பக்கம்?

1989இல் 47 கோடி டாலருக்குச் செய்துகொள்ளப்பட்ட சமரசம் வாயுக்கசிவைப் பற்றியது. மண்ணும் நீரும் அதன் கணக்கில் வரவில்லை. 1998இல் ஆலை நிலம் மாநில அரசிடம் திரும்பியது. 2001இல் யூனியன் கார்பைடை வாங்கிய டௌ கெமிக்கல், அதன் சொத்தை ஏற்றுக்கொண்டு பொறுப்பை மறுக்கிறது. லாபம் முதலாளிக்கு, நஞ்சு மக்களுக்கு, செலவு அரசுக் கருவூலத்துக்கு என்பதே இதன் பொருள்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை, 1996இல் ராஜஸ்தானின் பிச்ரி வழக்கிலும், வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. ஒன்றிய அரசோ எதிர்த்திசையில் நடக்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, பல மீறல்களுக்கான சிறைத்தண்டனை நீக்கப்பட்டது. அதனிடத்தில் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதம் வைக்கப்பட்டது. பெருநிறுவனங்களுக்கு இது ஒரு சில்லறைச் செலவு.

2025 ஜூலையில் மாசுற்ற இடங்களுக்கான விதிகள் அறிவிக்கப்பட்டன. நாடு முழுவதும் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்த அவ்வேளையில், சீரமைப்புப் பணி தொடங்கியிருந்தவை 7 மட்டுமே. ஆயினும் இவ்விதிகளில் பயன்படுத்தத்தக்க ஒரு கூறு உண்டு. ஐயத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அளிக்க வேண்டும். தொழிற்பேட்டைகளைச் சுற்றி வாழும் மக்களைத் திரட்டி, அப்பட்டியலில் தங்கள் பகுதியைச் சேர்க்கவைப்பது கிளைகளின் உடனடிப் பணி.

இதையொட்டி எழுப்பப்பட வேண்டிய கோரிக்கைகள்:

1. ஆலைக் கழிவுக்கு ஏற்ற நச்சுகளைத் தேடும் நிரந்தரக் கண்காணிப்புக் கிணறுகள் அமைக்கப்பட வேண்டும்.

2. சோதனை முடிவுகள் மக்களின் மொழியில், அந்தந்தக் குடியிருப்பிலேயே அறிவிக்கப்பட வேண்டும்.

3. மாதிரி எடுக்கும்போது தொழிற்சங்கங்கள், குடியிருப்போர் ஆகியோரின் பிரதிநிதிகள் உடனிருக்க வேண்டும்.

4. போபால் மண்ணையும் நீரையும் சீரமைக்கும் முழுச் செலவையும் டௌ கெமிக்கலிடமிருந்து வசூலிக்க வேண்டும்.

தோழர்களே, நாற்பதாண்டுகளாக இப்போராட்டத்தை முன்னின்று நடத்துவோரில் பெரும்பாலோர் பெண்கள். அடிகுழாய் நீரின் நாற்றத்தை அரசு ஆய்வகத்துக்கு முன்பே கண்டுகொண்டவர்களும் அவர்களே. அவர்களது கோரிக்கையை நாட்டின் ஒவ்வொரு தொழில் நகரத்துக்கும் கொண்டுசெல்வது கட்சி உறுப்பினர்களின் கடமை.