வேதாளை விலக்கு



ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறினால், உச்சிப்புளி தாண்டி மண்டபம் வருவதற்கு முன்னால் வேதாளை விலக்கு வரும். வெளியூர்க்காரர்கள் அந்த நேரத்தில் பாம்பன் பாலத்தை எதிர்பார்த்து ஜன்னலோரம் நகர்ந்துகொண்டிருப்பார்கள். வேதாளையை யாரும் கவனிப்பதில்லை. இன்று என் பேச்சு அந்த விலக்கில்தான் இறங்கப் போகிறது.

அநீதியையும் ஊழலையும் எதிர்த்து நிற்கும் கிறிஸ்தவத் துணிவைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். இந்தக் கடலோரத்தில் அப்படிக் கேட்டால் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் ஓரியூர் அருளானந்தர். அவரிடம் வருகிறேன். அதற்கு முன்னால், அவருக்கு 144 வருடம் முந்தி இதே சீமையில் இறந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். தமிழாசிரியனாக இருந்த 31 வருடமும் பிள்ளைகளிடம் நான் அலுக்காமல் சொன்ன கதை இது.

அவர் பெயர் அந்தோணி கிரிமினாலி. இத்தாலி நாட்டில் பார்மா நகரத்துக்குப் பக்கத்தில் சிஸ்ஸா என்ற ஊரில் 1520-இல் பிறந்தவர். 1545-இல் கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து நம்முடைய முத்துக்குளித்துறைக்கு வந்தார். கன்னியாகுமரி முனை தொடங்கி வேதாளை வரைக்கும் இருந்த பரதவர் ஊர்களுக்கெல்லாம் பொறுப்பான குரு அவர்தான். செருப்பில்லாமல் இந்தச் சுடுமணலில் நடந்தே போவார். தமிழை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். நேயர்களே, அப்போது தமிழில் அச்சடித்த புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. அண்ட்ரிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டது 1578-இல். அச்சடித்த அரிச்சுவடிகூட இல்லாத காலத்தில், மீன் காயவைக்கும் கரையில் உட்கார்ந்து ழகரமும் றகரமும் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரு வெள்ளைக்கார இளைஞரை நினைத்துப் பாருங்கள். எனக்கு அவர்மேல் பிரியம் வந்ததே இந்த இடத்தில்தான்.

இனி வேதாளை. அங்கே நிலம் நாக்குப் போல ஒடுங்கும். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. பாலம் இல்லாத காலம். காசியிலிருந்து வந்தாலும் கன்னியாகுமரியிலிருந்து வந்தாலும் இந்தக் கழுத்து வழியாகப் போய்த் தோணி ஏறித்தான் ராமநாதசுவாமியைத் தரிசிக்க முடியும். போர்ச்சுக்கீசியர்கள் வேதாளையில் ஒரு சிறிய கோட்டை வைத்திருந்தார்கள். அதன் தலைவன் ஜோவோ பெர்னாண்டஸ் கொரையா. அவன் கண்ணுக்கு அந்த ஒடுங்கிய நிலம் ஒரு கல்லாப்பெட்டியாகத் தெரிந்தது. வழியில் அகழி வெட்டினான். காசு கொடுத்தால்தான் யாத்திரிகர் தாண்டலாம் என்றான்.

கந்தலும் தண்டமுமாய், மாதக்கணக்கில் நடந்து வந்த ஜனங்கள். ராமேஸ்வரக் கடலில் முழுகினால் போதும் என்று வந்தவர்களின் மடியைத் தடவிப் பார்த்து வாங்கிய காசு அது. வாங்கியவன் கழுத்தில் சிலுவை தொங்கியது. கிறிஸ்தவனாகிய நான் இதைச் சொல்லாமல் தாண்டினால் கிரிமினாலியின் கதையைச் சொல்லவே எனக்கு யோக்கியதை கிடையாது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து 1549-இல் தெலுங்கு பேசும் வடுகர் படை திரண்டு வந்தது. ஆயிரக்கணக்கில் ஆள். கோட்டையில் இருந்த போர்ச்சுக்கீசியர் சுமார் நாற்பது பேர். அவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கப்பல் பக்கம் ஓடினார்கள். ஊரில் இருந்த பரதவர் குடும்பங்கள்? அவர்கள் அகழியும் வெட்டவில்லை, காசும் வாங்கவில்லை. ஆனால் வாள் வரும்போது இந்தக் கணக்கையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? பெண்களும் பிள்ளைகளும் கரைக்கு ஓடி வந்தார்கள். கிரிமினாலி அவர்களைத் தூக்கித் தூக்கித் தோணிகளில் ஏற்றினார். "நீங்களும் ஏறுங்கள் சாமி" என்று கெஞ்சினார்கள். எல்லோரும் ஏறட்டும் என்று திரும்பிப் போனார். மணலில் முழங்கால் போட்டவரை ஈட்டியால் குத்தினார்கள். தலையை வெட்டினார்கள். வயது 29. அவர் சேர்ந்திருந்த சேசு சபை தொடங்கி ஒன்பது வருடமே ஆகியிருந்தது. அந்தச் சபையில் முதன்முதலாக ரத்தம் சிந்தியவர் அவர்தான்.

ஒரு முறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வேதாளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போயிருந்தேன். இன்றைக்கு அது பெரும்பாலும் முஸ்லிம் மீனவர் ஊர். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்கெல்லாம் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கதையைத் தானும் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் ஒரு பையன் எழுந்தான். "சார், வசூல் பண்ணினது ஒருத்தன். செத்தது ஒருத்தரா?" அவனுக்கு நான் பதில் சொல்வதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார். "ஆமாப்பா. அதுனாலதான் வசூல் பண்றப்பவே கேக்கணும்."

நேயர்களே, அப்படிக் கேட்டவர் ஒருவர் இருந்தார். புனித சவேரியார். இந்தப் பெயரைக் கேட்டதும் கைகூப்புகிறோம். அவர் எழுதிய கடிதங்களைப் படித்தவர்கள் குறைவு. தூத்துக்குடியில் கொஸ்மே தே பைவா என்றொரு போர்ச்சுக்கீசியத் தலைவன் இருந்தான். பரதவரைச் சுரண்டினான். 1544 டிசம்பரில் சவேரியார் தம் தோழர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் அவனைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறார். இந்தக் கரையில் அவன் அடித்த கொள்ளைக்கும், அவனுடைய பேராசையால் தூத்துக்குடியில் விழுந்த சாவுகளுக்கும் மனச்சாட்சிக்குப் பதில் சொல்லட்டும் என்கிறார். அவன் திருந்துவான் என்ற நம்பிக்கை இல்லாததால் அவனுக்கு நேரே எழுதவில்லையாம். அரசருக்கே எழுதப் போவதாகச் சொல்லிவிடும்படி மான்சிலாஸிடம் சொல்கிறார்.

அதற்கு மூன்று மாதம் முன்னால் இதே பைவாவின் வீடும் கப்பலும் எரிந்துபோய், அவன் தூத்துக்குடித் தீவுகளில் தண்ணீர்கூட இல்லாமல் கிடந்தான். அப்போது, தோணிகளில் உடனே தண்ணீரும் சாப்பாடும் அனுப்பு என்று அதே மான்சிலாஸுக்கு அவசரமாக எழுதியவரும் சவேரியார்தான். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தார். கொள்ளைக்குக் கணக்கும் கேட்டார். இரண்டும் ஒரே கையெழுத்து.

இன்னொரு கடிதம் தமிழாசிரியனான எனக்கு மிகவும் பிடித்தது. 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து லிஸ்பன் நண்பருக்கு எழுதியது. உமக்கு வேண்டியவர்களை அரசாங்க உத்தியோகம் கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பாதீர் என்று எச்சரிக்கிறார். இங்கே வந்தவர்கள் கொள்ளையடித்தல் என்ற வினைச்சொல் ஒன்றை மட்டும் அத்தனை விதமாகவும் உருமாற்றக் கற்றுக்கொள்கிறார்களாம். வகுப்பில் முக்காலம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடிதம் நினைவுக்கு வரும். திருடினான், திருடுகிறான், திருடுவான். எழுதியது போர்ச்சுக்கீசிய மன்னர் அனுப்பிய குரு. எழுதப்பட்டது போர்ச்சுக்கீசிய அதிகாரிகளைப் பற்றி. எதிரியின் குற்றத்தை எடுத்துச் சொல்ல யாராலும் முடியும். தன் கப்பலில் வந்தவனை, தன்னோடு பூசைக்கு மண்டியிடுகிறவனைக் கேட்பதுதான் கடினம்.

அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஒரு புயல் முடிந்த நேரம். நிவாரணப் படிவம் எழுத எங்கள் கோயில் வளாகத்தில் மேசை போட்டார்கள். எழுதுகிறவன் நான். பக்கத்து நாற்காலியில் எங்கள் கமிட்டிக்காரர் ஒருவர், எனக்கு மச்சான் முறை. படிவத்துக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். 'செலவுக்கு' என்றார். மூன்று நாளாக நான் அதைப் பார்த்தேன். உறவு, ஊர் மானம், வெளியே தெரிந்தால் கோயிலுக்குக் கெட்ட பேர் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு குனிந்து எழுதினேன்.

நாலாம் நாள் கருவாடு விற்கும் ஆத்தா ஒருவர் வந்தார். முந்தானையிலிருந்து இரண்டு நூறு ரூபாய் நோட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒரு ரசீது குடுப்பா."

"ரசீதெல்லாம் கிடையாது ஆத்தா. இது சும்மா செலவுக்கு."

"என்ன செலவோ அதையே எழுது."

மச்சான் முழித்தார். ஆத்தா என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நீங்க எழுதுங்க. இன்னாருகிட்ட இன்னதுக்காக எரநூறு ரூவா வாங்குனோம்னு."

என் பேனா நகரவில்லை. ஆத்தாவுக்குப் பின்னால் நின்ற பெண்ணும் ரசீது கேட்டார். அவருக்குப் பின்னால் நின்றவரும் கேட்டார். சாயங்காலத்துக்குள் வாங்கிய பணம் முழுவதும் எண்ணித் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நானே பட்டியல் போட்டேன். அந்த ஆத்தா வேதாகமத்தை எழுத்துக்கூட்டிக்கூடப் படித்ததில்லை. சவேரியார் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் இல்லை.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். அருளானந்தரை இரண்டு வார்த்தையில் சொல்வது பாவம், ஆனாலும் சொல்கிறேன். மறவர் குலத் தலைவர் தடியத் தேவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்று ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவு செய்தபோது, விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அந்தப் பெண்ணின் மனவேதனையையும் நாம் மறக்கக் கூடாது. அரண்மனையின் கோபம் தன் மேல் திரும்பும் என்று தெரிந்தும் அருளானந்தர் தன் போதனையை மாற்றிக்கொள்ளவில்லை. 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூர் மணலில் அவர் தலை விழுந்தது. நம் காலத்தில், திருச்சிப் பக்கத்து விரகாலூரில் பிறந்த ஸ்டான் சாமி அடிகளார் ஜார்க்கண்ட் பழங்குடி மக்களுக்காக நின்று, விசாரணைக் கைதியாகவே 2021 ஜூலை 5-இல் கண்மூடினார். அவரைப் பற்றி இன்னொரு நாள் பேச வாய்ப்புக் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஓரியூருக்கு இன்றும் சாதி மதம் பாராமல் ஜனங்கள் போகிறார்கள். வேதாளையில் யாரும் இறங்குவதில்லை. அடுத்த முறை ராமேஸ்வரம் போகும்போது, இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, அந்த விலக்கில் ஒரு நிமிடம் இறங்குங்கள். அங்கே காசுக்காக வழிமறிக்கப்பட்ட யாத்திரிகர்களையும், தோணி ஏறாமல் திரும்பிப் போன அந்த 29 வயதுக் குருவையும் சேர்த்தே நினையுங்கள். ஊர் திரும்பியதும், உங்கள் சொந்த மனிதர் உட்கார்ந்திருக்கும் மேசையில் யாராவது 'செலவுக்கு' என்று கை நீட்டினால், ரசீது கேளுங்கள்.