இரும்புக்கும் ஞாபகம் உண்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்ம பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்மரம் கிடக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரம். உள்ளே இருந்த பொருள் மாறிக் கல்லாகிவிட்டது. உருவம் மட்டும் அப்படியே நிற்கிறது. நான் பேச வந்த உலோகம் இதற்கு நேர்மாறு. சேர்மானம் கொஞ்சம் மாறினாலும், பழைய உருவத்துக்குத் திரும்பும் குணம் போய்விடும்.

இழுத்து நீட்டிய பிறகு சூடு காட்டினால் பழைய அளவுக்கே திரும்ப முயலும் உலோகங்களை வடிவ நினைவுக் கலவைகள் என்கிறோம். இவற்றில் பேர் பெற்றது நிக்கல்-டைட்டானியம். ரத்தக்குழாய் ஸ்டென்டுக்குச் சரி. பாலத்துக்குப் போட்டால் விலை கட்டாது. 1982-இல் ஜப்பானில் சாட்டோ குழுவினர் 30 சதம் மாங்கனீசும் 1 சதம் சிலிக்கானும் கலந்த இரும்புப் படிகத்தில் இந்தக் குணத்தைக் காட்டினார்கள்.

விஷயம் இதுதான். இழுக்கும்போது அணு அடுக்குகள் வேறொரு வரிசைக்கு மாறுகின்றன. சூடாக்கினால் திரும்புகின்றன. ஆனால் அடுக்குகள் நிரந்தரமாக வழுக்கிவிட்டால் திரும்பாது. அந்த வழுக்கலைத் தடுப்பதுதான் சேர்மானத்தின் வேலை.

மாங்கனீசு குறைந்தால் வேறு வகை மார்ட்டென்சைட் உருவாகி நினைவு கெடும். மிஞ்சினால் வரிசை மாற்றமே சரியாக நடக்காது. சிலிக்கான் 5, 6 சதம் இருந்தால் வலிமை தரும். அதற்கு மேல் போனால் நொறுங்கும். குரோமியம் துருவைத் தடுக்கும். கூடினால் சிக்மா என்ற நொறுங்கும் பகுதி தோன்றும். அதை அடக்க நிக்கல் வேண்டும். கான்கிரீட்டில் தண்ணீர் மாதிரிதான்: இல்லாமலும் ஆகாது, ஒரு குடம் கூடினாலும் ஆகாது.

சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் 17 சதம் மாங்கனீசு, 5 சிலிக்கான், 10 குரோமியம், 4 நிக்கல், கூடவே சிறிதளவு வனேடியமும் கரியும் சேர்த்தது. வனேடியம் கார்பைடு நுண்துகள்கள் வழுக்கலைத் தடுக்கின்றன. சுமார் 160 டிகிரி சூட்டிலேயே 300 மெகாபாஸ்கல் அளவுக்கு இறுக்கம் கிடைக்கிறது. அந்தச் சூட்டைக் கான்கிரீட் தாங்கும்.

விரிசல் விட்ட உத்தரத்தில் காடி வெட்டி, முன்பே நீட்டிய கம்பியைப் பதித்துக் கலவை பூசி, மின்சாரம் பாய்ச்சினால் போதும். கம்பி சுருங்கப் பார்க்கும். முடியாமல் கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்கும். ஜாக்கி தேவையில்லை. ஆனால் திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கினால் இறுக்கம் கொஞ்சம் தளரும். அதையும் கணக்கில் சேர்க்கணும்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? அரியலூரில் சுண்ணாம்புக்கல் இருக்கு, சிமெண்ட் ஆலைகள் இருக்கு, ராத்திரி பகலா லாரி ஓடுது. அந்தச் சுமையெல்லாம் பாலங்கள் மேலேதான் போகுது. பழைய பாலத்தை இடித்துக் கட்டுவதா, பிழைக்க வைப்பதா என்ற கேள்வி நம் வாசலிலேயே நிற்கிறது.

உலோகவியல்காரர் சதவீதம் பார்ப்பார். சிவில்காரர் விரிசல் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்காரணும். கடைசி வருட மாணவர்கள் ஒரு சின்ன உத்தரத்தை வார்த்து, இந்தக் கம்பியைப் பதித்து, லாரிச் சுமை மாதிரி ஏற்றி இறக்கிச் சோதிக்கலாம். அதற்குக் கம்பி வாங்கித் தர நம் சங்கம் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.