செய்திக்கு எட்டு வினா

(அட்டுவம்பட்டியில் மாணவியரிடையே ஆற்றிய உரை)



தமிழ்நாட்டரசு 1984-இல் நிறுவிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக் கழகம் நிற்கும் ஊர் இது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக் கழகமொன்றில் இதழியல் பயிலும் பெண், அதனை எம்மொழியில் பயிலல் வேண்டும்? இதுபற்றியே இன்று பேச வந்தேன்.

இதழியல், பல்கலைக் கழகத்துள் புகுந்து நெடுங்காலம் ஆகவில்லை. அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக் கழகம் 1908-இல் இதழியற்பள்ளி தொடங்கிற்று. பிரிவினைக்கு முன்னர் இலாகூரில் இருந்த பஞ்சாபுப் பல்கலைக் கழகம் 1941-இலும், சென்னைப் பல்கலைக் கழகம் 1947-இலும் இப்படிப்பைத் தொடங்கின. அதற்கு முன்பே நம்மவர் இதழ் நடத்தினர். 1917-இல் ‘தேசபக்தன்’ ஆசிரியராய் அமர்ந்த திரு.வி.க. அதுவரை தமிழாசிரியர். இதழின் பெயர் வடமொழி. உள்ளே ஓடியதோ தமிழ்! 1942-இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கிய ஆதித்தனார், செய்தியாளர்க்கெனத் தமிழிலேயே ஒரு கையேடும் எழுதினார்.

என்னிடம் பயின்ற பெண்ணொருத்தி வேறோர் அரசுப் பல்கலைக் கழகத்தில் இதழியல் பயில்கின்றாள். விடுமுறையில் வந்தவள், “ஐயா, பாடமெல்லாம் ஆங்கிலம். தேர்வில் நல்ல மதிப்பெண் வருகிறது. தமிழில் ஒரு செய்தி எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது” என்றாள். ‘யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி’ என்ற ஆறு வினாக்களை அமெரிக்கர் கண்ட புதுமையென்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள்.

நான் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை எடுத்து வேற்றுமை மயங்கியலைக் காட்டினேன். ஒரு தொழில் நிகழ எட்டு வேண்டும் என்கின்றார் தொல்காப்பியர்: வினை, அதனைச் செய்வோர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, அது யார்க்காக, அதனால் என்ன பயன். நன்னூலார் ஆறே சொன்னார். இறுதி இரண்டையும் விட்டுவிட்டார். செய்தியாளர்க்கோ அவ்விரண்டுமே உயிர். தொல்காப்பியர் செய்தித்தாளுக்கு இலக்கணம் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லி நம்மை நாமே நகையாட்டுக்கு ஆளாக்கிக் கொள்ளவும் வேண்டா. தமிழ்த் தொடரை ஒழுங்காக அமைக்கக் கற்றவள் செய்தியைப் பாதி கற்றுவிட்டாள் என்பதே என் கருத்து.

இம்மலையிலேயே சான்று உண்டு. நியூயார்க்கு மாநிலத்திலிருந்த வெப்பமானித் தொழிற்சாலையைப் பாண்டுசு நிறுவனம் 1980-களில் கோடைக்கானலுக்குப் பெயர்த்துக் கொணர்ந்தது. பின்னர் அஃது இந்துசுத்தான் லீவர் கைக்கு வந்தது. அங்கே கையாண்டது பாதரசம் என்று வழங்கும் இதள். அதன் ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2001-இல் ஊர்மக்களும் கிரீன்பீசு இயக்கத்தாரும் மூஞ்சிக்கல்லில் ஒரு பழம்பொருட்கடையில் இதள் படிந்த கண்ணாடிச் சிதைவைக் கண்டு வெளிப்படுத்தினர். தொழிற்சாலை மூடிற்று. இடரைத் தங்களுக்கு எடுத்துரைக்கவில்லை என்று தொழிலாளர் முறையிட்டனர். நிறுவனம் அதனை ஏற்கவில்லை. 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் அது உடன்பாடு செய்துகொண்டது. அதற்கு முந்திய ஆண்டில் உலகம் இச்செய்தியைக் கேட்டது எதனால்? சென்னைப் பெண்ணொருத்தி ஆங்கிலத்தில் பாடிய பாட்டினால்! அவரை நான் குறை கூறவில்லை, பாராட்டுகின்றேன். ஆனால் இதளைக் கையால் அள்ளியவர் தமிழர். அவர்தம் மொழியில் அதன் தீமையைத் தெளிவாக எழுதத்தக்க செய்தியாளரை நம் வகுப்பறைகள் எத்துணைப் பேர் ஆக்கியிருக்கின்றன?

‘கழிவு கொட்டப்பட்டது’ என்று எழுதுகின்றோமே, அதனைப் பாருங்கள். கொட்டியவர் தொடரை விட்டே ஓடிவிட்டார்! செயப்பாட்டுவினை தமிழில் உண்டு. அதற்கும் இடம் உண்டு. குற்றத்தை மூடும் போர்வையாக அதனை ஆளுதல் ஆங்கில மொழிபெயர்ப்பால் நாம் பழகிக்கொண்ட தீங்கு. ‘இன்னார் கொட்டினார்’ என்று எழுத, அவர் இன்னார் என்று முதலில் தேடியறிதல் வேண்டும். மொழி செய்தியாளரை வேலை வாங்கும் இடம் அது.

அப்பெண்ணிடம், இந்நிகழ்ச்சியை எட்டு வினாவுக்கும் விடையாக, ஒரு செயப்பாட்டுவினையும் இன்றித் தமிழில் எழுதி வா அம்மா என்றேன். பத்து நாள் கழித்து வந்தாள். ஐந்துக்கே விடை இருந்தது. எஞ்சிய மூன்றுக்காக மூஞ்சிக்கல்லுக்கு நேரில் போய்வருவதாகச் சொல்லிப் பேருந்து நேரம் கேட்டுக்கொண்டு போனாள்.