எரியாத விளக்கு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மணிமங்கலத்தில் யார் மைக்கைப் பிடித்தாலும் முதலில் புலிகேசியைத்தான் இழுப்பார்கள். கி.பி. 642 வாக்கில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை இந்த மணிமங்கலத்தில் முறியடித்தான், கூரம் செப்பேடு அதைச் சொல்கிறது என்று நாம் எத்தனையோ விழாக்களில் கேட்டாயிற்று. நானும் சொல்லிவிட்டேன், கடமை முடிந்தது. அந்தப் போரில் ஓடிய தேர்களுக்கு பிரேக் இருந்ததா என்று எந்தச் செப்பேடும் சொல்லவில்லை. நான் பேச வந்தது பிரேக்கைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், பிரேக்குக்கான எச்சரிக்கை விளக்கைப் பற்றி.

"ஆண்டு விழாவில் பேச வேறு தலைப்பே கிடைக்கவில்லையா?" என்று சங்கச் செயலாளர் சிரித்தார். காரணம் இருக்கிறது. நம்மைச் சுற்றிப் பாருங்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் அங்கேயே டெய்ம்லர் லாரி. ஏரியும் வயலுமாக இருந்த வழியெல்லாம் இன்று ஷிப்ட் பஸ்ஸும் டிரெய்லரும்தான். நம் மாணவர்களில் பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். புதுக் கார் செய்கிற பையன், தன் சேமிப்பில் முதலில் வாங்குவது பழைய கார். அவனுக்காகத்தான் இந்தப் பேச்சு.

நானும் அப்படி வாங்கியவன்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வட்டாரத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஒரு மயிரிழை கீறல் இருந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிற ஆள். 2021-ல், எட்டு வருஷம் ஓடிய ஒரு சின்ன காரை வாங்கினேன். ஆர்.சி. புத்தகம் பார்த்தேன். இன்சூரன்ஸ் பார்த்தேன். படிவம் 29, படிவம் 30 எல்லாவற்றிலும் கையெழுத்து சரியா என்று மூன்று முறை பார்த்தேன். சாவியைத் திருகினேன். வண்டி சட்டென்று கிளம்பியது. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு கிடையாது, மஞ்சள் விளக்கு கிடையாது. "பளிங்கு மாதிரி வண்டி சார்" என்றார் விற்றவர். நானும் தலையாட்டினேன்.

ஒரு மாதம் கழித்து என் மனைவி கேட்டாள்: "என்னங்க, எங்க அண்ணன் வண்டியில கைபிரேக் போட்டா செவப்பா ஒண்ணு எரியும். இதுல எரியலையே?"

"அது மாடலுக்கு மாடல் மாறும்" என்றேன். தரக்கட்டுப்பாட்டுக்காரன் சொன்ன பதில் அது! ஊருக்கு உபதேசம் என்பார்களே, அந்த ரகம்.

அந்த நவம்பரில் நல்ல மழை, உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாலை வேலை முடிந்து படப்பை வழியாக மணிமங்கலம் வந்துகொண்டிருந்தேன். இருட்டிவிட்டது. ஒரு வளைவுக்கு அப்பால் கம்பெனி பஸ் நின்று, ஷிப்ட் முடிந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் டிபன் பையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தேன். மிதி பாட்டுக்கு உள்ளே போயிற்று. பாதிக்குக் கீழே போன பிறகுதான் ஏதோ பிடித்தது; அதுவும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. கியரைக் குறைத்து, கைபிரேக்கைத் தூக்கி, ஓரத்தில் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டியை ஏற்றினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக நின்ற பெண்ணுக்கும் என் பம்பருக்கும் இடையே ஒரு ஆள் நீளம்தான் இருந்தது. அவள் ஒன்றும் திட்டவில்லை. "பாத்து வரக் கூடாதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். பின் சக்கரம் ஒன்றில் வீல் சிலிண்டர் ஒழுகி, பிரேக் ஆயில் தொட்டியில் ஒரு பாதி காலி. முன் சக்கரத்து பேடுகள் தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசும் நிலை. "இவ்வளவுக்கும் விளக்கு எரிஞ்சிருக்கணுமே சார்" என்று மீட்டரைக் கழற்றினார். சிவப்பு பிரேக் விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப். பக்கத்தில் மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கின் மேல் இன்னொரு துண்டு. விளக்குகள் இரண்டும் எத்தனை மாதமாகவோ எரிந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. எனக்குத்தான் தெரியவில்லை.

நண்பர்களே, நான் கற்றது இதுதான். பழைய கார் வாங்குகிறவர்கள் விளக்கு எரிந்தால் பயப்படுகிறார்கள். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்குக்குத்தான் அதைவிட அதிகம் பயப்பட வேண்டும். நல்ல வண்டியில், சாவியை 'ஆன்' நிலைக்குத் திருகியதும், எஞ்சின் கிளம்பும் முன்பே, எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும். "நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம்" என்று ஆஜர் கொடுப்பது மாதிரி. சில விநாடிகளில் ஏ.பி.எஸ். விளக்கு அணையும். கைபிரேக்கை இறக்கினால் சிவப்பு விளக்கு அணையும், தூக்கினால் மறுபடி எரியும். ஆஜர் கொடுக்காத விளக்கு இருந்தால் விலை பேசாதீர்கள். முதலில் காரணம் கேளுங்கள்.

சரி, எரிகிறது என்றால்? சிவப்பு வட்டம், அதற்குள் ஒரு ஆச்சரியக்குறி, இரண்டு பக்கமும் பிறை மாதிரி வளைவு. அந்த வளைவுகள் டிரம் பிரேக்கின் ஷூக்களைக் குறிப்பவை. எந்த நாட்டுக் கார் ஆனாலும் பெரும்பாலும் இதே அடையாளம்தான். ஓடும்போது அது எரிந்தால் பதற்றப்படாமல் ஓரம் கட்டுங்கள். கைபிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தும் எரிந்தால், சமதளத்தில் நிறுத்தி பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் தொட்டியைப் பாருங்கள். 'மின்', 'மேக்ஸ்' என்று இரண்டு கோடுகள் இருக்கும்.

இங்கேதான் பலர் தப்பு செய்கிறோம். ஆயில் குறைந்திருக்கிறதா, ஊற்று. விளக்கு அணைந்ததா, கிளம்பு. ஆயில் ஏன் குறைந்தது என்று கேட்பதில்லை. பாஸ்கல் விதி படித்திருக்கிறீர்கள். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். நம் கால் கொடுக்கும் அழுத்தம் அப்படித்தான் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. பேட் தேயத் தேய, காலிப்பரின் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். அந்த இடத்தை நிரப்பத் தொட்டியிலிருந்து ஆயில் இறங்கும். ஆகவே மாதக்கணக்கில் மெல்லக் குறைந்தால் பேட் தேய்ந்ததற்கான தகவல் அது. பேட் கனம் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். நாலைந்து நாளில் சடாரென்று குறைந்தால் ஒழுகல். சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா, மிதிக்கு அடியில் கார்ப்பெட் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். மிதி பஞ்சு மாதிரி அமுங்கினாலோ கீழே இறங்கினாலோ வண்டியை ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள். வளைவில் திரும்பும்போதும் மேடு ஏறும்போதும் மட்டும் விளக்கு கண் சிமிட்டுகிறதா? ஆயில் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து தளும்புகிறது என்று அர்த்தம். அது முதல் கடிதம். அப்போதே கவனித்தால் செலவு குறைவு.

என்னைக் காப்பாற்றியது எது தெரியுமா? இன்றைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் ஓடுகிறது. பல சின்ன கார்களில் முன் இடது சக்கரத்தோடு பின் வலது, முன் வலதோடு பின் இடது என்று குறுக்காகப் பிரித்திருப்பார்கள். ஒரு பாதை காலியானாலும் மறு பாதை பாதி பிரேக்காவது தரும். என் வண்டி ஒரு பக்கமாக இழுத்ததும் அதனால்தான். எவரோ பெயர் தெரியாத ஒரு பொறியாளர், "ஒரு பாதை போனால் என்ன செய்வது?" என்று முன்கூட்டியே யோசித்ததால் அந்தப் பெண் வீடு போய்ச் சேர்ந்தாள்.

மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால், சாதாரண பிரேக் பிடிக்கும். சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் வேலை மட்டும் நின்றிருக்கும். பெரும்பாலும் சக்கரத்தருகே உள்ள சென்சாரில் சேறு, அல்லது ஒயர் அறுந்திருக்கும். மழைச் சாலையில் நிதானமாக ஓட்டி, ஸ்கேனர் உள்ள இடத்தில் காட்டுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் நாட்டில் விற்ற புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால், இனி வரும் பழைய வண்டிகளில் இந்த விளக்கையும் பார்த்தாக வேண்டும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் விளையாடாதீர்கள். பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் அமைப்பும் போயிருக்கலாம். திடீர் பிரேக்கில் பின்பக்கம் சுழன்றுவிடும்.

பழைய வண்டி வாங்கினால் முதல் வாரமே பிரேக் ஆயிலை முழுக்க மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230-லிருந்து 155. கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது கொதித்துக் குமிழ் விட்டால், கால் மிதிப்பது குமிழைத்தான் அமுக்கும், பிரேக்கை அல்ல. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

இனி ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் செலவுக் கணக்கு சொன்னபோது எனக்கு மலைப்பாக இருந்தது. அங்கே நின்றிருந்த ஒருவர் காதோரமாக, "டேப்பைத் திரும்ப ஒட்டிட்டு அப்படியே கை மாத்திடுங்க சார், நானே ஆள் பிடிச்சுத் தர்றேன்" என்றார். ஆளும் ரெடி. ஒரகடத்தில் டிரெய்னியாகச் சேர்ந்த ஒரு பையன். பொய் சொல்ல மாட்டேன், அன்று இரவு முழுக்க அதைப் பற்றி யோசித்தேன். காலையில் மனைவி காபியை வைத்துவிட்டு, "நமக்கு வித்தவனும் இப்படித்தாங்க ஒரு ராத்திரி யோசிச்சிருப்பான்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்து போய், "எல்லாத்தையும் மாத்துங்க அண்ணே" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அந்த வண்டியைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். வாசலில் நிற்கிறது, வேண்டுமானால் சாவியைத் திருகிப் பாருங்கள், எல்லா விளக்கும் எரியும்!

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு விளக்கு உண்டு. ஜப்பானிலிருந்து வந்த பழக்கம். 'ஆண்டான்' என்பார்கள். நம்மூரில் ஆண்டான் என்றால் எஜமான், அங்கே விளக்கு. தப்பு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து விளக்கைப் போடலாம். பல நாள் ஒருவருமே இழுக்கவில்லை என்றால், முன்பெல்லாம் சந்தோஷப்படுவேன். இப்போது இறங்கிப் போய், "ஏம்ப்பா, யாருக்காவது பயமா?" என்று கேட்கிறேன். தவறு கண்டு இடித்துச் சொல்லும் துணை இல்லாத அரசன், கெடுக்க ஆள் இல்லாவிட்டாலும் கெட்டுப்போவான் என்பது வள்ளுவர் வாக்கு. என் வீட்டில் அந்தத் துணை கைபிரேக் விளக்கைப் பற்றிக் கேட்டபோது, "மாடலுக்கு மாடல் மாறும்" என்று நானும் ஒரு டேப் ஒட்டினேன் அல்லவா?

மாணவச் செல்வங்களே, வகுப்பில் புரியவில்லை என்றால் கை தூக்குங்கள். நாளை வேலையில் தப்பு தெரிந்தால் கயிற்றை இழுங்கள். முதல் கார் வாங்கும்போது, ஸ்டார்ட் பண்ணும் முன் ஒரு நிமிஷம் மீட்டரைப் பாருங்கள். கூடவே இந்த ஊர்க்கார அண்ணனையும் நினைத்துக்கொள்ளுங்கள்.