திரைக்குப் பின்னால் இருப்பவர்களின் பெயர்கள்



நாடகம் என்றால் நாம் பிரதியைப் பேசுகிறோம், நடிகரைப் பேசுகிறோம். கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ தொடங்கி தலித் அரங்கம் பற்றி நிறைய விவாதித்திருக்கிறோம். மேடைப் பொருள்களைச் செய்த கைகளைப் பற்றி என்ன எழுதினோம்?

நம் வட்டாரக் கூத்தையே பாருங்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்படுகின்றன. விடிய விடியச் சுமந்து ஆட வேண்டும், அதனால்தான் எடை குறைந்த மரம். மேலே வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டுவார்கள். கட்டைக்கூத்து என்ற பெயரே இந்தக் கட்டைகளால் வந்தது. செதுக்கியவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

பாரதக்கூத்து நடப்பது திரௌபதியம்மன் திருவிழாவில். அந்தக் கோயில் வாசல் எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் நுழைவதற்கு எதிர்ப்பு எழுந்து, 2023 ஜூனில் திரௌபதியம்மன் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். நம் தெருத் திடலில் நம் மேடையை நாமே கட்டுவதன் தேவை இதுதான்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அந்த மேடையைக் கட்ட வருபவர்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் உண்டு. ரயில்வேயில் பிட்டராக இருந்த அண்ணன், பேருந்தில் ஏற்றிச் செல்லும்படி மடக்கும் கதவு செய்கிறார். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்த அக்கா பழைய புடவைகளை இணைத்துத் திரை தைக்கிறார், காகிதக்கூழில் முகமூடி செய்கிறார். கூலி கிடையாது, தேநீர்தான்.

இதைத் தொண்டு என்று சால்வை போர்த்திவிட்டு நகர முடியாது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்வோரையே பிரித்தது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் விளக்கினார். அங்கே தொழிலைப் பிறப்பு முடிவு செய்கிறது, விருப்பத்துக்கு இடமில்லை. 60 வயதுக்குப் பிறகு ஒருவர் தானே விரும்பி உளியை எடுப்பது அந்த விதிக்கு மறுப்பு. ஆனால், படித்த நாம் வசனம் பேசுவோம், அவர்கள் ஆணி அடிக்கட்டும் என்று இருந்தால், நாம் எதிர்க்கும் பிரிவினை நம் ஒத்திகைக்கூடத்திலேயே குடியேறிவிடும்.

எனவே சில முடிவுகள் தேவை. துண்டறிக்கையில் நடிகர் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் பொருள் செய்தவர் பெயரும் வரட்டும். மரம், துணி, சாயச் செலவு அவர்கள் ஓய்வூதியத்திலிருந்து போகக் கூடாது. நடிப்பவர் எல்லோரும் ஒரு நாளாவது அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்யட்டும். மாணவர்கள் அவர்களுடைய செய்முறைகளைக் கேட்டு எழுதி வைக்கட்டும்.

அடுத்த நாடகத்தின் துண்டறிக்கையிலேயே தொடங்குவோம்.